பையன்கள் மைதானத்தில், பெண் பிள்ளைகள் மரத்தடியில்: உடற்கல்வி கேள்வி–பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பில் 42 பேர், பாதிப் பாதி. பி.டி. பீரியட் 40 நிமிடம். பந்தைக் கொடுத்ததும் பையன்கள் மைதானத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சேர்த்து ஆடவிட்டால் பந்து அவர்கள் கைக்கே வருவதில்லை. பிரித்து ஆடவிட இடம் இல்லை. என்ன செய்யலாம்?
– உடற்கல்வி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

முதலில் ஒரு கணக்கெடுங்கள். ஐந்து நிமிட ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை பந்தைத் தொட்டது என்று இரண்டு மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். நாலைந்து பையன்கள்தான் எல்லாப் பந்தையும் எடுத்திருப்பார்கள். மீதிப் பையன்களும் பெண் பிள்ளைகளைப் போலவே சும்மா ஓடிக்கொண்டிருந்திருப்பார்கள். ஆணா பெண்ணா என்பதைவிட, ஒரே பந்துக்கு இத்தனை பேர் என்பதுதான் அங்கே பெரிய கோளாறு.

மைதானத்தைச் சுண்ணாம்புக் கோட்டால் ஏறக்குறைய 15 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். நான்கு கட்டம் கிடைத்தாலே போதும். பக்கத்துக்கு நாலு பேர், கட்டத்துக்கு ஒரு பந்து என்றால் 32 பேர் ஆடுவார்கள். மீதி பத்துப் பேரில் நாலு பேருக்கு விசில், நாலு பேருக்குக் கணக்கு, இரண்டு பேர் கயிறு தாண்டட்டும். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். கையால் வீசும் பந்தாட்டமாக இருக்கட்டும். விதி மூன்றுதான்: பந்தைக் கையில் மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பந்தோடு ஓடக் கூடாது, ஆள்மேல் ஆள் படக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் உடம்பு பெரிதாக இருப்பவனுக்குத் தனி லாபம் கிடையாது. பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டவும் வழியில்லை.

அணியைப் பெண், ஆண் என்று பிரிக்காதீர்கள். இரண்டு கேப்டன்களைக் கூப்பிட்டு ஆள் பொறுக்கவும் விடாதீர்கள். கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு அந்த அவமானம் வருஷக்கணக்கில் மறக்காது. நன்றாக ஆடுகிறவர்கள் இரண்டு கட்டத்தில், பழகுகிறவர்கள் இரண்டு கட்டத்தில் என்று நீங்களே பிரித்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள். வேகமாக ஆடுகிற பெண் பிள்ளைகள் முதல் கட்டத்துக்குத் தாமாகவே வந்து சேர்வார்கள்.

பல பள்ளிகளில், ‘பெண் போட்டால் இரண்டு பாயிண்ட்’ என்று நல்லெண்ணத்தோடு ஒரு விதி வைக்கிறார்கள். வேண்டாம். பெண் என்றால் பலவீனம் என்று விசில் ஊதி அறிவிப்பதுபோல் ஆகிவிடும். அணியிலும் திறமையான ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் பந்து போகும். அதற்குப் பதில், அணியில் எல்லோர் கையும் பட்ட பிறகுதான் புள்ளி என்று வையுங்கள்.

பதினொரு வயது வரை ஓட்டத்திலும் வலுவிலும் பையனுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெண் பிள்ளைகள் முன்னதாக வளர்வதால் ஆறாம், ஏழாம் வகுப்பில் பல பெண்கள் பையன்களைவிட உயரமாகவே இருப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறத் தொடங்கியபின்தான் பையன்கள் பக்கம் வேகமும் தசையும் கூடுகின்றன. ஆகவே, இடித்துப் பிடிக்கும் கபடி போன்றவற்றை எட்டாம் வகுப்பிலிருந்து தனித்தனியாக வைப்பது சரி. பையன்களுக்குள்ளும் எடை பார்த்துத்தான் இறக்க வேண்டும். 32 கிலோ பையனை 55 கிலோ பையன் மேல் விடுவதும் அதே ஆபத்துதான். கோகோ, எறிபந்து, தொடர் ஓட்டம், பூப்பந்து இவற்றுக்குப் பிரிவினை தேவையில்லை.

பந்துக்குக் காசில்லை என்பீர்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுப் பொருட்களுக்கென்றே ஆண்டு மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை என்பது அதன் வரையறை. அதில் ஒரு நல்ல தோல் பந்து வாங்குவதைவிட எட்டு ரப்பர் பந்து வாங்குவது மேல்.

கேள்வி: என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நீளம் தாண்டுதலில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். “வயசுக்கு வந்த பிள்ளை குதிச்சா கர்ப்பப்பை இறங்கிடும், நாளைக்குக் கல்யாணம் ஆகணும்” என்று என் மாமியார் தடுக்கிறார். உண்மையில் பாதிப்பு உண்டா?
– ஒரு தாய், நாமக்கல்

இல்லை. கர்ப்பப்பையை இடுப்பெலும்புக்குள் தசைநார்களும் அடியில் உள்ள தசைத்தளமும் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அது இறங்குவது பெரும்பாலும் பல பிரசவங்களுக்குப் பிறகு, மாதவிடாய் நின்ற வயதில், தீராத இருமலும் மலச்சிக்கலும் உள்ளவர்களுக்கு. பதினாலு வயதுப் பெண் மணல் குழியில் குதிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பாட்டி சொல்லாமல் விட்ட இன்னொரு பயமும் இருக்கும்: கன்னிச்சவ்வு. பிறப்பிலேயே அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி, சிலருக்கு இருப்பதே தெரியாது. அதைப் பார்த்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபின், பெண் உடம்பு தாங்காது என்று கூச்சல் போட்டு அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தது 1960-இல். பனிச்சறுக்குத் தாண்டலில் பெண்களை 2014 வரை ஒலிம்பிக்கில் சேர்க்கவே இல்லை. பெண் உடலுக்கு மருத்துவ ரீதியாகப் பொருந்தாது என்று அந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்புத் தலைவரே 2005-இல் பேசினார். இங்கே மேரி கோம் 2007-இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டு, 2008-இலும் 2010-இலும் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்றார். மாமியாரிடம் அதைச் சொல்லுங்கள்.

உண்மையாகக் கவனிக்க வேண்டியவை வேறு. மணல் குழி ஒரு அடி ஆழத்துக்காவது கொத்திவிடப்பட்டிருக்கிறதா, கல், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குதிக்கும்போது சில பெண்களுக்குச் சொட்டுச் சிறுநீர் கசியலாம். வெட்கப்பட்டு ஆட்டத்தை விட வேண்டியதில்லை. இறங்குமுன் சிறுநீர் கழிப்பதும், சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை ஐந்து விநாடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சி தினமும் முப்பது முறை செய்வதும் பெரும்பாலும் உதவும். சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மாதவிலக்கு என்று சொல்லி மாதத்தில் எட்டு, பத்து மாணவிகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் சாக்குச் சொல்கிறார்களோ என்ற சந்தேகமும் உண்டு. கட்டாயப்படுத்தலாமா?
– உடற்கல்வி ஆசிரியை, சேலம்

கட்டாயமும் வேண்டாம், மொத்த விடுப்பும் வேண்டாம். அந்த நாட்களில் ஓடினால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. மிதமான அசைவு வயிற்றுவலியைக் குறைக்கவே செய்யும். பிள்ளைகள் உட்காருவதற்குக் காரணம் வேறு. வெள்ளை யூனிஃபார்ம், கறை பயம், கழிவறையில் தண்ணீர் இல்லாமை, நாப்கின் நகர்ந்துவிடும் என்ற கவலை. இவற்றைச் சரிசெய்யாமல் அறிவுரை சொல்லிப் பயனில்லை. வெள்ளை பேன்ட்டை மாற்றிக் கறுப்பு அல்லது கருநீல டிராக் பேன்ட் ஆக்க ஒரு பெற்றோர் கூட்டம் போதும்.

அலமாரியில் ஒரு பெட்டி வையுங்கள்: இறக்கை வைத்த நாப்கின் பத்து, புது உள்ளாடை மூன்று அளவில், பழைய செய்தித்தாள், சோப்பு, சின்னத் துண்டு. கேட்டு வாங்கும்படி வைக்காமல், தானே எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். ‘புதுயுகம்’ திட்டத்தில் பள்ளி வழியாக வரும் நாப்கின்களில் கொஞ்சம் இங்கேயும் இருக்கட்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்ற வேண்டும். ஆகவே பி.டி. பீரியடுக்கு முன்னே ஐந்து நிமிடம் விடுங்கள். நாப்கின் நகராமல் இருக்க, உள்ளாடைக்கு மேல் தொடை பிடித்தாற்போல் ஒரு கால்சட்டை போடச் சொல்லுங்கள். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் கொஞ்சம் வாசலின் தடவலாம்.

வகுப்பில் காரணம் கேட்காதீர்கள். “இன்னைக்கு முழு ஆட்டம், பாதி ஆட்டம், நடை: மூணுல எது?” என்று எல்லோரையுமே, பையன்களையும் சேர்த்து, கேளுங்கள். காய்ச்சலில் எழுந்து வந்த பையனுக்கும் அது உதவும். சாக்குச் சொல்கிறார்களோ என்ற ஆராய்ச்சி தேவையே இல்லாமல் போகும்.

ஒருத்தி மாதாமாதம் துவண்டுபோகிறாள் என்றால் அது சாக்கு இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துபோவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை, 8-க்குக் கீழே என்றால் கடுமை. அந்த நிலையில் அவளை 600 மீட்டர் ஓடவிடக் கூடாது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும், கூடவே டீ குடிக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாதிப் பிள்ளைகள் மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிறார்கள். அது சாதாரணம்தான் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கடுமையாகப் பயிற்சி எடுக்கும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு நின்றுபோனால், ‘தொல்லை விட்டது’ என்று இருக்காதீர்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். எலும்பு தேய்ந்து கால் எலும்பில் மயிரிழை முறிவு வரும்.

கேள்வி: ஓடும்போது மார்பு வலிக்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கூச்சமாகவும் இருக்கிறது. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, மதுரை

துப்பட்டாவால் கட்டாதே அம்மா. மூச்சு முழுதாக இழுக்க முடியாது. அவிழ்ந்து காலில் மாட்டினால் கீழே விழுவாய், பக்கத்தில் ஓடுகிறவள் கையில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைகிறது. உள்ளே அதைத் தாங்க எலும்போ தசையோ இல்லை. வலி அதனால்தான். வெளியிலிருந்து தாங்குதல் கொடுத்தால் போய்விடும்.

ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும்போது நாலு சோதனை. கையை மேலே தூக்கினால் அடிப்பட்டை ஏறக் கூடாது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். தோள்பட்டை வார் பதிந்து தடம் விழக் கூடாது. கடையிலேயே பத்து முறை குதித்துப் பார்த்தால் வலிக்கக் கூடாது. தாங்குவது பெரும்பாலும் அடிப்பட்டைதான், வார் அல்ல. அதனால் அது தளர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். உடனே வாங்க முடியாவிட்டால், சாதாரண பிராவுக்கு மேல் பிடித்தாற்போல் ஒரு பனியன், அதன்மேல் தொளதொளப்பில்லாத டி-ஷர்ட். தற்காலிகத்துக்கு அது போதும். வளரும் வயதில் ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சிறிதாகவும் இருப்பது சாதாரணம்.

பார்க்கிறவர்களைப் பற்றி: அதைக் கட்டுப்படுத்த வேண்டியது உன் ஆசிரியரின் வேலை, உன்னுடையதல்ல. அம்மாவிடம் சொல்லி அவரிடம் பேசச் சொல்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. மார்பு கொஞ்சம் பெண் பிள்ளைபோல் இருக்கிறது. பி.டி. வகுப்பில் ஒரு அணியைச் சட்டையைக் கழற்றி ஆடச் சொல்கிறார்களாம். புதன்கிழமை ஆனால் வயிற்றுவலி என்கிறான்.
– தந்தை, தஞ்சாவூர்

பருவம் வரும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. ஹார்மோன் சமநிலை கொஞ்ச காலம் முன்பின் ஆவதால் காம்புக்கு அடியில் பொத்தான் மாதிரி கெட்டியாக வளர்கிறது, தொட்டால் வலிக்கும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். தண்டால் எடுத்தாலும் கரையாது, எண்ணெய் தடவினாலும் கரையாது. பருத்த உடம்பில் மெத்தென்று இருப்பது கொழுப்பு. அது வேறு. ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கெட்டியாக இருப்பது, நீர் கசிவது, வேகமாகப் பெரிதாவது, இரண்டு வருடம் கழித்தும் இருப்பது இவற்றுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

சட்டையைக் கழற்றி அணி பிரிப்பது சோம்பேறித்தனம். பழைய புடவையில் கிழித்த இரண்டு நிறப் பட்டை போதும், குறுக்கே மாட்டிக்கொள்ளலாம். ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள், மகன் முன்னால் வேண்டாம். எல்லோருக்கும் முன்னால் எடை பார்த்துச் சத்தமாக எண் வாசிப்பது, ‘குண்டா’ என்று கூப்பிடுவது, தண்டனையாக ரவுண்டு ஓடவைப்பது இவையும் அந்தப் பள்ளியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது.

இதோடு சேர்த்து ஒன்று. பையன்களுக்கு விதைப்பையில் திடீரென்று கடும் வலி வந்தால், பந்து பட்டிருந்தாலும் படாவிட்டாலும், வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் காப்பாற்ற முடியும்.

கேள்வி: உடல்திறன் தேர்வில் பையன்களுக்கு முழுத் தண்டால், பெண்களுக்கு முட்டி போட்ட தண்டால். ஏன்?
– வாசகர், திருப்பூர்

கேலோ இந்தியா தேர்வில் ஒன்பது வயதிலிருந்து அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். முழுத் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைமேல் வரும், முட்டி போட்டால் பாதி. பருவம் வந்தபின் தோள், கை வலுவில் சராசரி வித்தியாசம் உண்டு என்பது சரி. ஒன்பது வயதில் ஏன் என்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. தேர்வுக்கு விதிப்படி செய்யுங்கள். பயிற்சியில் எல்லோருக்கும் ஒரே ஏணி: சுவர், பெஞ்ச், முட்டி, பிறகு முழுசு. ஒரு படியில் ஒழுங்காகப் பத்து வந்தால் அடுத்த படி. முழுசு வராதவர்கள் மேலிருந்து நாலு விநாடி எண்ணி மெல்ல இறங்கிப் பழகட்டும். முட்டியில் நிற்கும் பையன்களும் நிறையப் பேர் இருப்பார்கள்.

கேள்வி: வலைப்பந்தாட்டம் ஏன் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்? என் தம்பி ஆட ஆசைப்படுகிறான், பாடசாலையில் சிரிக்கிறார்கள்.
– வாசகி, யாழ்ப்பாணம்

1891-இல் அமெரிக்காவில் தோன்றிய கூடைப்பந்து இங்கிலாந்தின் பெண்கள் உடற்கல்விக் கல்லூரிகளுக்குப் போனபோது, நீளப் பாவாடையோடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது என்பதால் தட்டுவதை எடுத்துவிட்டார்கள், மைதானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். அதுதான் வலைப்பந்தாட்டம் (நெட்பால்) ஆனது. அன்றைய உடையும் ‘பெண் ஓடினால் அழகில்லை’ என்ற எண்ணமும் விதியாக இறுகிவிட்டன. இன்று பாவாடை போய்விட்டது, ஆட்டம் மட்டும் நிற்கிறது, நல்ல ஆட்டம். 208 சென்ரிமீற்றர் உயரமுள்ள தர்ஜினி சிவலிங்கம் உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து போய் இலங்கை அணிக்கு 2018 ஆசியக் கிண்ணத்தை வெல்ல உதவியவர். அந்த உயரத்துக்காக ஊரில் கேலி பட்டிருக்கக் கூடியவருக்கு, வளையம் 3.05 மீற்றரில் இருக்கும் ஆட்டம் இடம் கொடுத்தது. ஆண்கள் அணிகளும் கலப்பு அணிகளும் அவுஸ்திரேலியாவில் இருக்கின்றன. தம்பி ஆடட்டும்.

கேள்வி: எங்கள் கூடைப்பந்து அணியில் இரண்டு மாணவிகளுக்கு முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. பையன்களுக்கு இவ்வளவு வருவதில்லையே?
– பயிற்சியாளர், கோயம்புத்தூர்

சட்டென்று திரும்பும், குதித்து இறங்கும் ஆட்டங்களில் பெண்களுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகம். உயரமும் எடையும் கூடும் வேகத்துக்கு இடுப்புத் தசையும் தொடையின் பின்தசையும் வலுப்பெறுவதில்லை. இறங்கும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் மடிகின்றன. சிறு வயதிலிருந்தே பையன்கள் மரத்திலும் மதிலிலும் குதித்துப் பழகுவதும், பெண் பிள்ளைகளை ‘அடக்கமா நட’ என்று வளர்ப்பதும் இதில் சேர்த்தி என்றே நினைக்கிறேன்.

ஒரு அடி உயரப் பெட்டியிலிருந்து இறங்கச் சொல்லி, முன்பக்கமிருந்து செல்போனில் படம் எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முட்டி பாதத்துக்கு நேரே இருக்க வேண்டும். உள்ளே போனால் அவளுக்குப் பயிற்சி தேவை. இறங்கும் சத்தம் ‘தொப்’ என்று கேட்கக் கூடாது. முன்பாதம் முதலில், முட்டியும் இடுப்பும் மடிய, ஓசையில்லாமல். வாரம் மூன்று நாள், ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம்: ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பது, குந்தி எழுவது 15, பக்கவாட்டில் தாவி ஒற்றைக்காலில் இறங்கி மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்பது பக்கத்துக்கு 8, தோழி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள முட்டியிட்டு உடம்பை முன்னே மெல்லச் சாய்ப்பது 5. இரண்டு மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். சீசன் தொடங்கியதும் நேரமில்லை என்று விட்டுவிடுவதுதான் எல்லா அணிகளும் செய்வது, காயமும் அப்போதுதான் வரும்.

‘டப்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால் எண்ணெய் போட்டு நீவ விடாதீர்கள். ஐஸ், ஓய்வு, எலும்பு மருத்துவர்.

கேள்வி: பெண்ணாகச் சேர்க்கப்பட்ட ஒரு மாணவர் தன்னைப் பையன் என்கிறார். பி.டி. வரிசையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் வகுப்புக்கே வருவதில்லை. பள்ளி என்ன செய்ய வேண்டும்?
– தலைமையாசிரியர், (ஊர் வேண்டாம்)

ஆண் வரிசை, பெண் வரிசை என்பதையே எடுத்துவிடுங்கள். உயர வரிசை, வருகை எண் வரிசை போதும். பாதிச் சிக்கல் அன்றே தீரும். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஒரு தனி அறை, அது எல்லா மாணவர்களுக்கும் திறந்திருக்கட்டும். யூனிஃபார்ம் இருபாலருக்கும் ஒரே டி-ஷர்ட், டிராக் பேன்ட். அவர் மார்பை இறுக்கிக் கட்டியிருக்கலாம். கட்டோடு ஓடினால் மூச்சுத் திணறும், விலாவில் வலிக்கும். பயிற்சி நேரத்தில் அதை அவிழ்த்து, ஸ்போர்ட்ஸ் பிராவும் தளர்ந்த மேல்சட்டையும் போட அவர் நம்பும் ஓர் ஆசிரியர் தனியாகச் சொல்லட்டும். அவர் சம்மதம் இல்லாமல் மற்ற ஆசிரியர்களிடமோ வகுப்பிலோ விஷயத்தைப் பேசக் கூடாது.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019, 13-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் கல்வியோடு விளையாட்டிலும் பாகுபாடில்லாமல் இடம் தர வேண்டும் என்கிறது. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் சான்றிதழ்ப்படிதான் பதிவு என்பதால் அது தனிக் கதை. வகுப்புக்கும் போட்டிக்கும் முடிச்சுப் போடாதீர்கள். யாரையும் ‘சோதனை’ செய்யும் பேச்சே கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் பதக்கம் பறிபோனது. அந்தச் செய்தி ஊடகங்களில் கசிந்து பரவியது பதக்க இழப்பைவிடப் பெரிய கொடுமை.

கேள்வி: ஆண் ஆசிரியர் நான். மாணவிகளுக்குக் கைநிலை, கரணம் சொல்லிக்கொடுக்கும்போது தாங்கிப் பிடிக்காமல் முடியாது. பிடித்தால் தவறாகிவிடுமோ என்று ஜிம்னாஸ்டிக்ஸையே விட்டுவிட்டேன்.
– கடலூர்

விட வேண்டாம். கைநிலையைச் சுவரில் தொடங்குங்கள். வயிறு சுவரைப் பார்க்க, காலால் சுவரில் ஏறி, கையைச் சுவர்ப்பக்கம் நகர்த்துவது. இதற்குத் தாங்கவே ஆள் வேண்டாம். அடுத்த கட்டத்தில் இரண்டு மாணவிகள் இரு பக்கமும் நின்று முழங்காலுக்குக் கீழே பிடிக்கட்டும். கணுக்காலை மட்டும் பிடித்தால் இடுப்பு மடிந்து விழுவாள். முன்கரணத்துக்கு மெத்தைக்கு அடியில் ஒரு பலகை வைத்துச் சரிவாக்கினால் உடம்பு தானே உருளும், தலையைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

நீங்களே பிடிக்க வேண்டிய இடத்தில், எங்கே பிடிப்பேன் என்பதை முதலில் ஒரு பையன்மேல் எல்லோருக்கும் காட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் “பிடிக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சுவர் இருக்கிறது. திறந்த இடம், இன்னொரு பெரியவர் பார்வை, தனியாக யாரும் இல்லை என்பது பையன்களுக்கும் சேர்த்துத்தான். நிற்கும் நிலையைத் திருத்தக் கை வைக்காதீர்கள், செய்து காட்டுங்கள். தலைகீழாக விழப்போகிறவளை மட்டும் கேட்காமல் பிடியுங்கள்.

யாராவது உங்களிடம் வந்து வேறு ஒருவரின் தொடுதல் பற்றிச் சொன்னால் நீங்கள் விசாரணை நடத்தக் கூடாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. இரண்டையும் மைதானத்துப் பக்கச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.